குணசேகரன் இல்லாத வீடு

ராத்திரி பத்து மணிக்கு சீரியல் முடிந்ததும் சில வீடுகளில் இன்னொரு சீரியல் ஆரம்பிக்கும். "அவ ஏன் அப்பவே வாயைத் திறக்கல?" என்று அம்மா கேட்பார். "திறந்திருந்தா நாளைக்கு எபிசோடுக்கு என்ன பண்ணுவான்?" என்று அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொல்வார். பாட்டி மட்டும் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல், "அந்தப் புள்ள பாவம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் படுக்கப் போவார். வெட்டிப் பேச்சு, வேலை இல்லாதவர்கள் போடும் சண்டை என்று இதைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஆனால் 2023 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்க நடந்த ஒரு சீரியல் சண்டையை அப்படித் தள்ள முடியாது.

சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்த 'எதிர்நீச்சல்' பற்றிய சண்டை அது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். கதை ரொம்ப எளிமையானது. மதுரையில் ஆதி குணசேகரன் என்று ஒரு பெரிய மனிதர். ஞானம், கதிர், சக்தி என்று மூன்று தம்பிகள். நன்றாகப் படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாகக் கொண்டு வந்து, அத்தனை பேரையும் அடுப்படிக்குள் தள்ளிவிட்ட குடும்பம். குணசேகரனின் மனைவி ஈஸ்வரி, ஞானத்தின் மனைவி ரேணுகா, கதிரின் மனைவி நந்தினி. மூன்று பேரும் பழகிப்போய், பயந்துபோய் இருக்கும் வீட்டுக்குக் கடைசி மருமகளாக ஜனனி வருகிறாள். அப்புறம்தான் நீச்சல்!

இதில் பெண்கள்தான் நாயகிகள். ஆனால் ஊரே பேசியது குணசேகரனைப் பற்றி. அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து வந்தவர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படங்கள் இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வந்தவரும் அவர்தான். இத்தனை வருடத்தில் கிடைக்காத புகழை 'ஏய்... இந்தாம்மா' என்ற ஒற்றை அதட்டல் அவருக்குக் கொடுத்தது. கல்லூரி கேண்டீனில்கூட அதைச் சொல்லிக் காட்டாத ஆள் கிடையாது. காரணம், அவர் காட்டிய ஆள் சினிமா வில்லன் மாதிரி இல்லை. ஒவ்வொருவர் சொந்தத்திலும் இருக்கிற ஒரு பெரியப்பா மாதிரி இருந்தார். சிரிக்கவும் வைப்பார், வயிற்றில் புளியையும் கரைப்பார். அவரைத் திட்டிக்கொண்டே அவருக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

2023 செப்டம்பர் 8 அன்று, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டு இருந்தபோது மாரடைப்பு வந்து மாரிமுத்து இறந்துபோனார். துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உடனே அந்தக் கேள்வி எழுந்தது. இனி குணசேகரனை என்ன செய்வது?

ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். முதல் கட்சி, "அந்த நாற்காலியில் வேறு யாரையும் பார்க்க முடியாது, குணசேகரனும் இறந்துவிட்டதாகக் காட்டி விடுங்கள்" என்றது. இரண்டாவது கட்சி, "ஆளை மாற்றுங்கள், கதையை மாற்றாதீர்கள்" என்றது. மூன்றாவது கட்சிக்குப் பொறுமை இல்லை. "சீரியலையே முடித்து விடுங்கள், மரியாதையாக இருக்கும்" என்றார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நடிகர் மீது இருந்த பாசத்தால் வந்த விவாதம். ஆனால் இரண்டாவது கட்சியில் இருந்த பெண்கள் சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. இத்தனை நாள் அந்தப் பெண்கள் வாங்கிய ஏச்சுக்கும் அடிக்கும் அந்த ஆள் பதில் சொல்லியாக வேண்டும். ஈஸ்வரி அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்க வேண்டும். அவன் பாட்டுக்குப் படமாகி மாலை போட்டுக்கொண்டு விட்டால், மறுநாளே அவன் நல்லவன் ஆகிவிடுவான். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்று அதே பெண்களையே விளக்கேற்றச் சொல்லிவிடுவார்கள். இது சீரியல் லாஜிக் இல்லை, வாழ்க்கை லாஜிக். கேட்காமல் விட்ட கேள்விகளோடு புருஷனுக்கோ மாமனாருக்கோ திவசம் செய்துகொண்டு இருக்கிற எத்தனையோ பெண்களுக்கு இது தெரியும்.

அப்படிப் பார்த்தால் வேறு நடிகரைக் கொண்டுவந்தது சரிதான். சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதை ஓடியது. பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். அவர் நடிப்பு சரியில்லை, மாரிமுத்துவின் நக்கல் இல்லை என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. பாவம், அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. மாரிமுத்துவின் குணசேகரனை அப்படியே நகல் எடுத்திருந்தால் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

உண்மையான குற்றச்சாட்டு கதை மீதுதான் வைக்கப்பட வேண்டும். குணசேகரன் திரையில் இல்லாத அந்தச் சில வாரங்களில் சீரியலுக்கு ஒரு அருமையான கேள்வி கிடைத்திருந்தது. அந்த ஆள் இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் விடுதலையாகி விடுவார்களா? கிடையாது. கதிர் இருக்கிறான், ஞானம் இருக்கிறான், மாமியார் விசாலாட்சி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே இத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது. கத்துகிற ஆள் போன பிறகும் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதுதானே நிஜம்? அதை ஒரு ஆறு மாதம் பொறுமையாகக் காட்டி இருந்தால், அதற்குப் பிறகு அவர் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது வேறு வீட்டைப் பார்த்திருப்பார். அந்தச் சண்டைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். அவரை அவசரமாகக் கூட்டி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்ததால், எல்லாம் மறுபடியும் ஆரம்பப் புள்ளிக்கே வந்து நின்றது.

ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. "இவ்வளவு படித்த பெண்கள், நான்கு பேர், ஏன் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள்?" இதற்குக் கதைக்குள் காரணங்கள் உண்டு. பிள்ளைகள், பணம், அப்பத்தா பெயரில் இருக்கும் 40 சதவீத சொத்து. "போறது அவ்வளவு ஈஸியா?" என்று பதில் சொல்கிற ரசிகைகள் சொல்வதும் உண்மை. ஆனால் கதைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. வாரம் முழுக்க ஓட வேண்டிய கதைக்கு நான்கு பெண்களும் ஒரு கொடுமைக்காரனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது ரொம்ப வசதி. அவர்கள் வாசலைத் தாண்டினால் அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது என்ற பயம். டி.ஆர்.பி. பயம் என்றும் சொல்லலாம்.

அந்தப் பயம் தேவையே இல்லாதது என்று காட்டியவரும் திருச்செல்வம்தான் என்பது வேடிக்கை. 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பர் வரை 1533 எபிசோடு ஓடிய 'கோலங்கள்' அபியை யாரும் மறந்திருக்க முடியாது. தேவயானி நடித்த அந்த அபி, பாஸ்கரோடு வாழ்ந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்தாள். கட்டடத் தொழிலில் காலூன்றினாள். கதை நின்றுவிடவில்லை. ஆதித்யா என்று ஒரு எதிரி வந்தான், தொல்காப்பியன் என்று ஒரு நண்பன் வந்தான், ஜனங்கள் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அபி தொல்காப்பியனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமா, கூடாதா என்று அன்றைக்கு நடந்த சண்டையும் சாதாரணமானது இல்லை. விவாகரத்து ஆன பெண்ணுக்கு ஆண் நண்பன் இருக்கலாமா என்பதை வீட்டில் நேராகப் பேச முடியாதவர்கள், அபியின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள்.

சீரியல்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தினம் ஒரு எபிசோடு கொடுப்பது லேசான வேலை இல்லை. நூறு பேருடைய சம்பளம் அதில் இருக்கிறது. முக்கிய நடிகர் திடீரென்று இறந்துபோன நேரத்தில், உட்கார்ந்து யோசிக்க அவகாசமும் கிடையாது. ரசிகர் கேட்பதை எல்லாம் செய்தால் அது கதையாகவும் இருக்காது. இதெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் "நீங்கள் பார்க்கிறீர்கள், அதனால் நாங்கள் கொடுமையைக் காட்டுகிறோம்" என்ற வாதத்தை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஜனங்கள் பார்த்தது கொடுமையை இல்லை, அது என்றைக்கு முடியும் என்பதை.

2024 ஜூனில் 'எதிர்நீச்சல்' முடிந்தது. அதே வருடம் டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் வந்தது. ஜனனியாக நடித்த மதுமிதா அதில் இல்லை, அந்த வேஷத்துக்குப் பார்வதி வந்தார். குணசேகரன் மட்டும் மறுபடியும் வந்தார். எதிர்த்து நீந்துகிற பெண்ணை மாற்றலாம், அதட்டுகிறவரை எடுத்துவிட முடியாது என்று ஆகிப்போனது.

அதனால் பத்து மணிக்கு மேலே அம்மாவும் பாட்டியும் ஈஸ்வரிக்காகச் சண்டை போட்டால் "சும்மா இரும்மா, சீரியல்தானே" என்று சொல்லிவிட வேண்டாம். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். வருகிற பதில் எந்த எபிசோடிலும் வராததாக இருக்கும்.