பனியா மொஸ்கோவைக் காத்தது?

1941ஆம் ஆண்டில் மொஸ்கோவின் வாயிலில் ஜேர்மன் படையை முறியடித்தது பனியே என்று கூறுவோர் இன்றும் உளர். தோல்வியுற்ற ஜேர்மன் தளபதிகள் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்த சமாதானம் அது. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

மழை எல்லா வயலுக்கும் பொதுவாகவே பெய்கிறது. வரம்பு கட்டி வைத்தவன் வயலிலேதான் நீர் நிற்கிறது. பனியும் அத்தகையதே. அவ்வாண்டு ஜூன் 22ஆந் திகதி படையெடுத்த ஹிட்லர், குளிர்காலத்துக்கு முன்னரே போர் முடிந்துவிடுமெனக் கணக்கிட்டார். ஆதலால் அவருடைய வீரருட் பலர் குளிருக்கேற்ற உடையின்றி அகப்பட்டனர். குண்டுக்கும் எரிபொருளுக்குமே போதாத புகைவண்டிகளிற் கம்பளி உடைக்கு இடம் ஏது? செருக்கு விதைத்ததையே பனி அறுத்தது.

மறுபுறம் நிகழ்ந்ததென்ன? அக்டோபரில் வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் பல இலட்சம் சோவியத் வீரர் சூழப்பட்டனர். தலைநகரமே ஆபத்துக்குள்ளாயிற்று. அவ்வேளையில் மொஸ்கோ மக்கள், அவருள்ளும் பெரும்பாலும் பெண்கள், மண்வெட்டி ஏந்தி, யுத்த தாங்கிகளை மறிக்கும் அகழிகளை வெட்டினர். அவ்வாண்டு முடியுமுன் 1,500க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் கிழக்கே பெயர்க்கப்பட்டன. புதிய படைகள் பின்னணியில் மறைவாகத் திரட்டப்பட்டன. டிசம்பர் 5ஆந் திகதி கொனேவின் படைகளும், மறுநாள் சூக்கோவின் படைகளும் எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. 15ஆந் திகதி கிளின் நகரும், 16ஆந் திகதி கலினின் நகரும் மீண்டன. சில முனைகளிற் பகைவர் 100 கிலோமீற்றருக்கும் அப்பாற் பின்தள்ளப்பட்டனர்.

பனியே வென்றதென்போர் இதற்கு விடையிறுக்கட்டும்: 1942 ஜனவரியிலும் அதே பனிதானே பெய்தது? அப்போது ஸ்டாலின், சூக்கோவின் மறுப்பையும் பொருட்படுத்தாது, எல்லா முனைகளிலும் ஒருசேரத் தாக்குமாறு பணித்தார். எறிகுண்டுகள் போதவில்லை, படைகளோ களைத்திருந்தன. வியாஸ்மாவை நோக்கி முன்னேறிய 33ஆம் சேனை சூழப்பட்டு அழிந்தது. ர்ஷேவ் நகர் 1943 மார்ச் வரை ஜேர்மனியர் கையிலேயே இருந்தது. ஆயத்தம் குன்றியபோது பனி எவருக்கும் துணைநிற்கவில்லை.

தலைவரின் மேதையே நாட்டைக் காத்ததென்பாருக்கும் இதுவே எம் விடை. போருக்கு முன்னரே அனுபவமிக்க தளபதிகள் பலரைக் கொன்றொழித்தவரும், படையெடுப்புப் பற்றிய எச்சரிக்கைகளைப் புறக்கணித்தவரும் அதே ஸ்டாலினே. அத்தவறுகளுக்கான விலையைப் பொதுமக்களே தம் குருதியாற் செலுத்தினர்.

ஆதலின் வெற்றியின் புகழைப் பனிக்கும் கொடுத்தல் தகாது. அரியணைக்கும் கொடுத்தல் தகாது. உறைந்த மண்ணை வெட்டிய கைகளுக்கே அது உரியது.