கையிருப்பும் கைத்திறனும்

ஓர் அயல்நாட்டுக்குள் நுழைய விரும்புகிறவன், அங்கே தன் செலவைத் தானே தாங்கிக்கொள்ள முடியும் என்பதை முன்கூட்டியே மெய்ப்பிக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. இது நியாயமா, அநியாயமா? 2025ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்னை இதுபற்றிச் சிந்திக்க வைத்தது. அந்தச் சிந்தனையை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் அண்ணனுக்கு இங்கிலாந்தில், இலண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் அப்பாவுக்கு மூன்று மா நிலம் உண்டு. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவார். செய்தி வந்த அன்று அம்மா தெருவுக்கே கேசரி செய்து கொடுத்தார். ஆனால் விசாவுக்கான விதிமுறையைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி கரைந்துவிட்டது. முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கித் தொகையோடு, மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டும் அண்ணன் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்க வேண்டுமாம். அதுவும் தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாள்கூடக் குறையாமல்! வாழ்க்கைச் செலவுக்கான தொகை மட்டுமே நம் பணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய்.

டவுனில் இருந்த ஏஜென்ட் ஒருவர் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா ஐயா? உங்கள் கணக்கில் பணம் போட ஆள் இருக்கிறார். மூன்று வட்டி. வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வார். உங்களுக்குச் செலவு 36,000 ரூபாய்தான்" என்றார்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஊரான் பணத்தை என் பணம் என்று காட்டிப் பிள்ளையை அனுப்பிவிடலாம். அங்கே போய் அவன் எதைச் சாப்பிடுவான்?" என்று கேட்டார். ஏஜென்டிடம் பதில் இல்லை.

வங்கியில் கல்விக்கடன் கேட்டோம். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. பட்டா மாறி வருவதற்குள் சேர்க்கைக்கான நாள் கடந்துவிட்டது. அண்ணனுக்கு ஓராண்டு வீணாயிற்று. அப்பாவோடு நான் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாமல் பொதுப்பணத்துக்குச் சுமையாகக் கூடியவர் நுழையலாகாது என்று அமெரிக்கா 1882ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. 1909இல் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் ஆணையராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், வந்திறங்குபவர் கையில் 25 டாலராவது இருக்க வேண்டும் என்றார். கனடாவோ 1908இல் ஆசியர்கள் 200 டாலர் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. தாய்நாட்டிலிருந்து எங்கும் நில்லாமல் நேரே வந்திருக்க வேண்டும் என்ற விதி வேறு. 1914ஆம் ஆண்டு 376 பயணிகளோடு வான்கூவர் சென்ற கோமகட்டா மாரு கப்பல், இத்தகைய விதிகளால் இரண்டு மாதம் கடலிலேயே நின்று, பெரும்பாலோரைச் சுமந்தபடி திரும்பியது. 2016இல் கனடா நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆசியனுக்கென்று தனியாக ஒரு தொகை விதித்தபோதே அந்த விதியின் நோக்கம் புரிந்துவிடுகிறது. செலவுக்காகக் கேட்ட பணமா அது? ஆளை வடிகட்டக் கேட்ட பணமல்லவா!

ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கனடா மாணவரிடம் பல ஆண்டுகளாக 10,000 டாலரே வாழ்க்கைச் செலவுக்குக் கேட்டு வந்தது. விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. அதை நம்பிப் போனவர்கள் வாடகைக்கும் உணவுக்கும் திண்டாடினார்கள். 2024 ஜனவரியில் அத்தொகை 20,635 டாலர் ஆயிற்று. கேட்பது கொடுமையாகத் தோன்றினாலும், கேட்காமல் விடுவதும் கொடுமையே.

எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் அதே ஏஜென்ட் வழியாகப் போனார். காட்டிய பணம் வட்டிக்காரரிடமே திரும்பிவிட்டது. இங்கிலாந்தில் மாணவர் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அந்த வருமானத்தில் வாடகை கொடுத்த பிறகு ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்று என் அண்ணனிடம் தொலைபேசியில் அழுதார். அன்றுதான் அப்பா கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது.

என் கருத்து இதுதான். பணம் கேட்பது தவறன்று. பணத்தைக் காட்டினால் போதும் என்பதே தவறு. கையில காசு, வாயில தோசை என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கேயோ காசு வேறொருவன் கையில். தோசை யார் வாயிலும் இல்லை! ஜெர்மனியின் முறை இதைவிட நேர்மையானது. அங்கே 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவை ஒரு கணக்கில் முடக்கி வைக்க வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் மாணவனே எடுத்துச் செலவழிக்கிறான். வாடகைப் பணத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஏழை மாணவன் அந்தத் தொகைக்கு எங்கே போவான்? அவனுடைய கைத்திறனை நம்பி முன்பணம் தரத்தான் நம் வங்கிகள் இருக்கின்றன. முறையான கல்விக்கடன் கடிதத்தை இங்கிலாந்தும் ஏற்கிறது. அக்கடன் உரிய காலத்தில் கிடைத்தால் வட்டிக்காரருக்கு அங்கே என்ன வேலை?

நண்பர்களே, வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். வங்கிக்கு முன்னதாகவே செல்லுங்கள். இரவல் இருப்பைக் காட்டாதீர்கள். பொய்யென்று தெரிந்தால் பத்தாண்டு வரை அந்நாட்டின் கதவு மூடப்படலாம். தெரியாமல் போனாலோ பட்டினி கிடப்பது நீங்கள்தான்.

எங்கள் பட்டா மாறிவிட்டது. அண்ணன் மறுபடியும் விண்ணப்பிக்கிறார். காத்திருந்த காலத்தில், 2025 நவம்பரில், மாதத் தொகை 1,171 பவுண்டாக உயர்ந்தது. ஒன்பது மாதத்துக்கு 315 பவுண்டு கூடுதல். அதைச் சொன்னபோது அப்பா, "கூடினால் கூடட்டும், இந்தத் தடவை காட்டுகிற பணம் அவன் சாப்பிடுகிற பணம்" என்றார். இப்போது நான் அப்பாவோடு பேசுகிறேன்.