நிணநீர்ப் புற்றுநோய் குணமான பின்: கண்காணிப்பு ஏன் தொடர வேண்டும்?

ஹாட்ஜ்கின் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய், இன்று பெரும்பாலானோருக்குக் குணப்படுத்தக்கூடிய நோயாகும். இளம் வயதினரிடமும் பரவலாகக் காணப்படும் நோய் என்பதால், சிகிச்சைக்குப் பின் பல பத்தாண்டுகள் வாழ்வோர் ஏராளம். ஆயினும், நோயை அழித்த மருந்தும் கதிர்வீச்சும் உடலில் விட்டுச்செல்லும் விளைவுகள் 10 அல்லது 20 ஆண்டுகள் கழிந்த பின்னரும் வெளிப்படலாம்.

சிகிச்சை மாறியிருப்பது ஏன்?

முற்காலத்தில் மார்பும் கழுத்தும் அடங்கிய பரந்த பகுதிக்குக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அதன் தீய விளைவுகள் தெரியவந்ததால், இன்று கதிர்வீச்சு தேவையானவர்களுக்கு மட்டும், நோயுற்ற பகுதி அளவில் அளிக்கப்படுகிறது. இரண்டு சுற்று மருந்துக்குப் பின் எடுக்கப்படும் பெட் ஸ்கேன் நல்ல பலனைக் காட்டினால், நுரையீரலைப் பாதிக்கும் பிளியோமைசின் மருந்தைப் பலருக்கு நிறுத்திவிட முடிகிறது. எனவே, உங்கள் அபாயம் நீங்கள் எந்த ஆண்டில், எத்தகைய சிகிச்சை பெற்றீர்கள் என்பதைப் பொறுத்தது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

• இதயம்: டாக்சோரூபிசின் மருந்தின் மொத்த அளவு கூடக்கூட, இதயத் தசை வலுவிழக்கும் வாய்ப்பும் கூடுகிறது. மார்பில் பெற்ற கதிர்வீச்சு, இரத்தக்குழாய் அடைப்பையும் வால்வுக் கோளாறையும் உண்டாக்கலாம்.

• தைராய்டு: கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆண்டுதோறும் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

• மார்பகம்: 30 வயதுக்கு முன் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் அதிகம். பொதுவாக, சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகளுக்குப் பின், ஆனால் 25 வயதுக்கு முன்னதாக அன்றி, மேமோகிராம், எம்.ஆர்.ஐ. பரிசோதனைகள் ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகின்றன.

• நுரையீரல்: புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைப் பன்மடங்கு பெருக்கும்; உடனே கைவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பெற்ற மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பெற்ற பகுதி, அதன் அளவு ஆகியவை அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவமனையிலிருந்து எழுத்து வடிவில் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். பிளியோமைசின் பெற்றிருந்தால், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மயக்க மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதிக ஆக்சிஜன் நுரையீரலுக்குத் தீங்காகலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு, கால் வீக்கம், தொடர்ந்த சோர்வு ஆகியவற்றை வயதின் விளைவு என ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவரை அணுகும்போது, பழைய சிகிச்சையைப் பற்றி முதலில் கூறுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன சிகிச்சையை, புதிதாகப் பார்க்கும் மருத்துவர் தாமாக அறிய இயலாது.