பல கண்களும் ஒரு பார்வையும்

கண் பலவாயின் காட்சியும் பெருகும் என்பது மாந்தர் உள்ளத்தில் நெடுநாளாய் வேரூன்றியதோர் எண்ணம். நம் புராணங்கள் இந்திரனை ஆயிரங்கண்ணான் என்றன. யவனர் கதையிலே ஆர்கஸ் என்னுங் காவலன் நூறு கண் படைத்தவன். அவற்றுட் சில துயிலுங்கால் ஏனைய விழித்திருக்குமாம். விவிலியத்தின் இறுதி நூலில் வரும் நான்கு ஜீவன்களும் உடலெங்கும் கண்ணுடையன.

இயற்கையோ வேறு பாடம் புகட்டுகின்றது. ஸ்காலப் என்னும் இரட்டைச் சிப்பிப் பிராணிக்கு ஓட்டின் விளிம்பிலே 200 கண்கள் வரை உண்டு. எனினும் பகைப் பிராணியின் அசைவறிந்து ஓட்டை மூடவும் விலகி நீந்தவுமே அவை பெரிதும் பயன்படுகின்றன. பெட்டி வடிவான ஜெல்லிமீனுக்குக் கண்கள் 24. நம்மைப் போல் தலையில் அமைந்த மூளையோ அதற்கில்லை. தாவும் சிலந்தியின் எட்டுக் கண்களுள் முன்நடுவிலுள்ள இரண்டே பொருளைத் தெளிவுறக் காண்பவை. ஏனைய பெரும்பாலும் அசைவை உணர்த்துவன; உணர்த்தியவுடன் சிலந்தி அத்திசை திரும்பி, அவ்விரு கண்களால் உற்று நோக்கும். பல கண்களும் அந்நோக்கிற்கு ஏவலாட்களே.

இதனை ஈண்டு எடுத்துரைத்தல் எற்றுக்கெனின், இந்நாளில் கலாசாலைகள் பலவற்றின் வாயிலிலும் நடைவழியிலும் தேர்வுக்கூடத்திலும் காமிராக்கள் பெருகி வருகின்றன. களவைத் தடுக்க இவை உதவும் என்பதை மறுக்கிலோம். ஆயின் பாடம் விளங்காது பின்வரிசையில் வாளாவிருக்கும் மாணாக்கனையும், கட்டணஞ் செலுத்த வழியின்றிப் படிப்பை விட எண்ணுவோனையும் எக்காமிரா அறியும்? அவை அசைவைக் காட்டும், அல்லலைக் காட்டா. திரும்பி உற்று நோக்கும் இரு கண்கள் ஆசிரியருடையனவே. கருவி காவல் செய்யுமென்று அக்கண்கள் ஓய்ந்துவிடின் இழப்பு நமதேயாகும்.

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்று. வகுப்புதோறும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் மாணாக்கரைத் தனித்தனியே அழைத்து நலம் வினவுதல் வேண்டும். மாணாக்கரும் தம் தோழரின் வாட்டத்தைக் காணாதார் போல் கடந்து செல்லலாகாது.

ஆர்கஸின் நூறு கண்களையும் ஹெர்மிஸ் குழலோசையாலும் கதையாலும் உறங்கச் செய்து அவனைக் கொன்றான் என்பர். பின்னர் ஹீரா தேவி அக்கண்களை மயிற்றோகையிற் பதித்தாளாம். தோகையில் அவை அழகு செய்கின்றன, ஒன்றையும் காண்பதில்லை. நம் சுவர்களில் ஏறும் கண்களும் அத்தகையன ஆகாதிருத்தல் நம் கையிலேயே உள்ளது.