தள்ளுபடிப் பித்தளை

"கண்ணுக்குத்தான் குறை, காரியத்துக்குக் குறையில்லை." இந்த ஒரு வாக்கியத்தை எழுதி ஒட்டிவிட்டால் போதும், உலகத்தில் எதையும் விற்றுவிடலாம். விளிம்பு கோணிய எவர்சில்வர் தட்டை விற்கலாம். சாயம் திட்டுத் திட்டாக ஏறிய பனியனை விற்கலாம். அதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை கிடையாது. கோணல் தட்டில் வைத்தாலும் இட்டிலி இட்டிலிதான். ஆனால் அமெரிக்காவில் இதே வாக்கியத்தை ஒட்டி ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடுகளை விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் சந்தோஷமாக வாங்குகிறார்கள். என் சண்டை அங்கேதான்.

கதை எழுதுகிறவனுக்குத் தோட்டாவோடு என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் துப்பறியும் கதைகளில் 'டுமீல்' என்று ஒரு சத்தம் கேட்டதும் தோட்டாவின் பாடு முடிந்துவிடுகிறது. அப்புறம் விழுந்தவனின் கதைதான். வாஸ்தவத்தில் தோட்டா என்பது நான்கு பொருள்கள் கூடிய ஒரு குடித்தனம். பாய்ந்து போகிற குண்டு, எரிந்து போகிற மருந்து, ஊசி குத்தியதும் பொறி கக்குகிற கேப்பு, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பித்தளைக் கூடு. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். கூடு மட்டும் பிழைத்துத் தரையில் உருளும். அதைப் பொறுக்கி, பழைய கேப்பைத் தள்ளி எடுத்து, அச்சில் கொடுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி சுடலாம். ஒரு முறை அல்ல, பல முறை. அமெரிக்காவில் ஏராளமான பேர் வீட்டு மோட்டார் ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு இதைச் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கென்றால் அங்கே அது குற்றமல்ல. நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்; ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மேஜை தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அந்த நான்கில் புதிதாக வாங்கும்போது பெரும்பாலும் விலை கூடியது இந்தக் கூடுதான். ஆலையில் கழித்த கூடுகள் மூட்டையாகத் தள்ளுபடிக்கு வரும்போது கூட்டம் சேர்வதில் அதிசயமில்லை. 2020இல் அங்கே தோட்டாவுக்கும் அதன் உதிரிகளுக்கும் பெரும் தட்டுப்பாடு வந்தது. நல்ல சரக்கு கிடைக்காதபோது கழித்த சரக்குக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பற்றி அங்கே இரண்டு கட்சிகள். ஒரு கட்சி ஆசாரக் கட்சி: செகண்ட்ஸ் பித்தளையைக் கையால் தொடமாட்டார்கள். மற்றது சிக்கனக் கட்சி: "எல்லாம் முதல் வெடியில் நிமிர்ந்துவிடும் ஐயா!" என்பார்கள். இரண்டு கட்சியும் கூட்டை முழுதாகப் பார்த்ததில்லை என்பது என் அபிப்பிராயம். ஒருவர் பளபளப்பைப் பார்க்கிறார், மற்றவர் விலையைப் பார்க்கிறார்.

சிக்கனக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாய் சற்று நசுங்கியிருந்தால் அச்சில் கொடுத்ததும் வட்டமாகிவிடும். தோளில் சின்னக் குழி இருந்தால், வெடிக்கும்போது பித்தளை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டுகிறதல்லவா, அந்த விரிவிலேயே குழி மறைந்துவிடும். நீளம் கொஞ்சம் கூடினால் அறுத்துக்கொள்ளலாம். கறையா, இருந்துவிட்டுப் போகட்டும்.

கறை என்றதும் ஆசாரக் கட்சிக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. கிண்ணம்போல் வெட்டி, படிப்படியாக இழுத்து நீட்டிச் செய்கிறார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை முறுக்கேறிப்போகும். ஆகவே இடையிடையே அனலில் காட்டி இளக்குவார்கள். கடைசியிலும் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடுகாட்டுவார்கள். அடிப்பாகம் கெட்டியாக இருக்கவேண்டும், கழுத்து இளகி இருக்கவேண்டும். அந்தக் கடைசிச் சூட்டினால் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படியும். அமெரிக்க ராணுவம் அந்தக் கறையைத் துடைக்காதே என்கிறது, ஏனென்றால் சூடு காட்டியதற்கு அதுதான் கண்கண்ட சாட்சி. கடைக்குப் போகிற சரக்கில் பெரும்பாலான ஆலைகள் அதைத் தேய்த்து மெருகேற்றி அனுப்புகின்றன. வாடிக்கையாளருக்குக் கறை பிடிக்காதாம்! வேலை நடந்ததற்கான கையெழுத்தை அழித்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறார்கள். பளபளப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இது, குறை இல்லாத இடத்தில் குறை பார்த்த கதை. குறை இருந்த இடத்தில் பார்க்கத் தவறிய கதைகளும் உண்டு. ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்த காலத்தில், மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கூடுகள் விண்டுபோயிருந்தன. யாரும் சுடவில்லை, தட்டவில்லை, கீழே போடவில்லை. ஆலையை விட்டு வந்தபோது ஒரு குறையும் தெரியாத கூடுகள்தான். பருவத்தோடு வந்த விரிசலாதலால் 'பருவ வெடிப்பு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மாலின்ஸன் என்ற மூவர் எழுதிய ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒரு பக்கம். இழுத்து நீட்டிய பித்தளைக்குள் தணியாமல் நின்ற முறுக்கு மறுபக்கம். இரண்டும் சேர்ந்து கூட்டைப் பிளந்தன. பக்குவமாகச் சூடுகாட்டி அந்த முறுக்கைத் தணித்திருந்தால் பிளந்திராது. பெட்டியை அடுக்கிய சிப்பாயின் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதைக் கண்டிருக்க முடியுமா?

இன்னொரு கதை இதைவிடப் பெரியது. 1917இல், அமெரிக்கா முதல் மகாயுத்தத்தில் இறங்கிய சமயம், ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள்கள் சில சுடும்போதே வெடித்துச் சிதறின. விசாரித்தார்கள். ஒரு காரணம் தோட்டாக் கூடு: அடிப்பாகம் கெட்டியாக இருக்கவேண்டியது இளகி இருந்தது. ஆனால் கூடு தோற்றாலும் துப்பாக்கி ஏன் கண்ணாடிபோல் நொறுங்கவேண்டும்? மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலைக்குப் போய்த் துருவினார்கள். அங்கே எஃகைக் காய்ச்சுகிற தொழிலாளிகள் உலையில் இரும்பு சிவக்கும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லி வந்தார்கள். கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் வெயில் பளிச்சென்று அடிக்கிற நாளில் சிவப்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவார்கள். வெப்பமானி வைத்து அளந்தபோது, 'சரியான பதம்' என்று அவர்கள் சொன்னது வெயில் நாளில், மப்பு மந்தாரமான நாளில் சொன்னதைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது. இப்படிக் காய்ச்சிக் கெட்ட எஃகு நொறுங்காமல் என்ன செய்யும்? 1918இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் செய்ததில் ஏறக்குறைய 8,00,000க்குக் கீழே எண் கொண்ட ரைஃபிள்களை இன்றும் விவரம் தெரிந்தவர்கள் சுடுவதற்கு எடுப்பதில்லை. ராணுவ ஆயுதத் துறை அதிகாரியாக இருந்த ஜூலியன் ஹாச்சர் 1947இல் வெளியிட்ட தமது குறிப்பேட்டில், வெடித்த ரைஃபிள்களின் விவரங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். சிக்கனக் கட்சியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படிப்பது நல்லது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், கூடு செய்கிற வேலை அப்படிப்பட்டது. .30-06 என்ற சாதாரண வேட்டைத் தோட்டாவுக்கு அந்தத் தொழிலார் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மோட்டார் கார் டயரில் இருப்பது சுமார் 30. அந்த 60,000 பவுண்டுக்கும் சுடுகிறவன் கன்னத்துக்கும் நடுவே வாயுவை அடைத்து நிற்பது இந்தப் பித்தளைதான். அது அடியில் பிளந்தால் வாயு பின்னால் வரும். பின்னால் இருப்பது முகம்.

அப்படியானால் செகண்ட்ஸ் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல நான் ஆசாரக் கட்சியில் சேரவில்லை. தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தத் தள்ளுபடி என்பது என்ன என்று புரிந்துகொண்டு வாங்கவேண்டும். ஆலையில் ஒருவர் செய்திருக்கவேண்டிய பரிசோதனையை வாங்குகிறவர் தலையில் கட்டி, அதற்கு அவருக்குக் கொடுக்கிற கூலிதான் அது. கூலியை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதவரை நம் ஊரில் என்ன சொல்வோம்? ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். நீளவாக்கில் கீறல், மடிப்பு, விரிசல் எது இருந்தாலும் அது குப்பைக்கு. அதுவும் இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான். இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவர் பொறுக்குவார். கேப்புக் குழியில் கேப்பு கெட்டியாக உட்காருகிறதா, பொறித் துளை நடுவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தராசில் நிறுக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெளியளவு ஒன்றாக இருந்து ஒரு கூடு மட்டும் கனத்தால், உள்ளே சுவர் தடித்து இடம் குறைந்திருக்கலாம். அதே மருந்துக்கு அதில் அழுத்தம் ஏறும். எவ்வளவு தேய்த்து மினுக்கினாலும் அதைக் கண் காணாது.

விற்கிறவர்களைச் சும்மா விடுவதாக இல்லை. சில ஆலைகள் இன்ன காரணத்தால் கழித்தோம் என்று எழுதுகின்றன. அவை வாழ்க. மற்றவை ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன. 'செகண்ட்ஸ்', அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் கழுத்தில் பட்ட கீறலும் அடங்கும், சுவர் கனத்தில் வந்த பிழையும் அடங்கும். எந்தப் பரிசோதனையில் கழிந்தது என்று ஆலைக்குத் தெரியும். தெரியாமல் கழிக்க முடியாது. தெரிந்ததை எழுத மை எவ்வளவு செலவாகும்? "விலையைத்தான் குறைத்துவிட்டோமே, கேள்வி எதற்கு?" என்பது அவர்கள் வாதம். விலையைக் குறைத்தது குறைக்காக, மௌனத்துக்காக அல்ல. எல்லாக் குறையையும் கலந்துகட்டி ஒரே மூட்டையாக்குகிறவன், தோற்றக் குறையைச் சாக்குச் சொல்லி உயிர்க் குறையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். அதற்கு வியாபாரம் என்று பெயர் சொல்ல என் நா கூசுகிறது.

"அவனவன் துப்பாக்கி, அவனவன் முகம், உமக்கென்ன?" என்று சுதந்திரம் பேசுகிற ஒருவர் இதற்குள் எழுந்திருப்பார். சுடுமைதானத்தில் ஆளுக்கொரு மைதானம் கிடையாது. வரிசையாக மேஜை போட்டு, தோளுக்குத் தோள் உட்கார்ந்து சுடுகிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் முழு விலை கொடுத்து வாங்கியவராகக்கூட இருக்கலாம். தராசும் அளவுகோலும் வாங்க மனமில்லாதவர், நூறு கூட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கப் பொறுமையில்லாதவர், அந்த மூட்டைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் முதல்தரக் கூட்டை வாங்கிக்கொண்டு போகட்டும்.