மூணு டிக் அடிச்சா ஒண்ணுதானா?

புனேயில பொட்டி தட்ட வந்த நாளிலிருந்து பக்கத்து சீட்டு மராத்தி நண்பரோட எனக்கு ஓயாத சண்டை ஒண்ணு இருக்கு. "மேனுவல்ல தெளிவா போட்டிருக்கே, படிக்காதது உன் தப்பு"ங்கறது அவர் கட்சி. என் கட்சியைக் கேளுங்க மக்களே.

ஒரு மருத்துவ முகாமுக்கு ஜாங்கோவுல படிவம் செஞ்சேன். "எந்த மருந்து ஒத்துக்காது?"ன்னு ஒரு கேள்வி, கீழே செக்பாக்ஸ் வரிசை. பெனிசிலின், சல்பா, ஆஸ்பிரின்னு மூணை டிக் அடிச்சா, பிரவுசர் ஒரே பெயர்ல மூணையும் ஒழுங்கா அனுப்பிடும். நான் வழக்கம்போல ரெக்வெஸ்ட்.போஸ்ட்ல பெயரைப் போட்டு எடுத்தேன். கைக்கு வந்தது கடைசி ஆஸ்பிரின் மட்டும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. முகாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு நர்ஸம்மா கண்டுபிடிச்சாங்க, பிழைச்சோம்.

கெட்லிஸ்ட்னு கேட்டிருந்தா மூணும் வந்திருக்கும். ஒரே ஒரு டிக் வச்சு டெஸ்ட் பண்ணினது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இல்லாத பெயரைக் கேட்டா எரர் போட்டுக் கத்துற அதே ஜாங்கோ, மூணு இருக்கும்போது ரெண்டை முழுங்கிட்டு கமுக்கமா இருக்கே, இது என்ன நியாயம்?

மத்தவங்களும் யோக்கியம் இல்லை. பிஎச்பியில பெயருக்குப் பின்னாடி சதுர அடைப்பு போடலேன்னா கடைசி மட்டும். பிளாஸ்க்ல சாதாரணமா எடுத்தா முதல் மட்டும். ஜாவா சர்வ்லெட்ல கெட்பாராமீட்டரும் முதலைத்தான் தரும். பழைய ஏஎஸ்பி எல்லாத்தையும் கமா போட்டு ஒட்டிக் கொடுக்கும். ஊருக்கு ஒரு வழக்கம்!

இது வெறும் வசதிக்குறைவு இல்லைங்க. காவலுக்கு நிக்கிற புரோகிராம் முதல் மதிப்பைச் சோதிச்சு, உள்ளே இருக்கறது கடைசி மதிப்பை எடுத்தா, நடுவுல திருடன் நுழைஞ்சிடுவான். 2009ல போலந்துல நடந்த ஓவாஸ்ப் மாநாட்டுலயே இதை விளக்கமா காட்டிட்டாங்க.

"பெரும்பாலான கட்டத்துல ஒரு மதிப்புதானே வரும், சுலபமா இருக்கட்டுமே"ங்கறார் நண்பர். சரி, ஒண்ணு வந்தா ஒண்ணைக் கொடு. ரெண்டு வந்தா கத்து! எதைத் தூக்கிப் போடணும்னு முடிவு பண்ண பிரேம்வொர்க் யாரு?

அது திருந்தற வரைக்கும் ஒண்ணு செய்யுங்க. செக்பாக்ஸ் இருக்கற படிவத்தை ரெண்டு டிக் அடிச்சு டெஸ்ட் பண்ணாம வெளியே விடாதீங்க. டிக் அடிக்கிறவருக்கு கெட்லிஸ்ட் தெரியாது. நம்மை நம்பித்தான் அடிக்கிறார்.