ஓடுகிறவனுக்கு எதற்கு இரும்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். சென்னையின் பாதி ஆபீஸ் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். மீதிப் பாதி ஓடி முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

முழங்கால் பேச்சு மூன்றாவது நிமிஷம் ஜிம்முக்கு வந்துவிடும். “வெயிட் போடணும் ஸார், அப்பத்தான் கால் ஸ்ட்ராங் ஆகும்” என்பார் ஒருவர். “அய்யய்யோ, வெயிட் போட்டா உடம்பு இறுகிடும். அப்புறம் ஓடவே முடியாது” என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஆதாரமாக ஆளுக்கொரு புத்தகத்தின் பேரைச் சொல்வார்கள். இரண்டு பேரும் அதை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள்.

ஓட்டக்காரர்களுக்கென்றே எழுதிய எடைப் பயிற்சிப் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை ஷூ, வாட்ச், கூலிங் கிளாஸ் வரிசையில் இதுவும் ஒரு செலவா?

நான் பி.காம். உடற்கூறு நமக்குத் தூரம், கணக்கு பக்கம். அதனால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை நம் காலைத் திருப்பி உதைக்கிறது. அந்த உதை நம் எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு. 70 கிலோ ஆசாமிக்கு சராசரியாக 175 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒற்றைக் காலில். நிதானமாக ஓடுகிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு 2,500 உதை. பெருக்கிப் பாருங்கள்: 437 டன் சொச்சம். பத்து டன் லாரியில் ஏற்றினால் 43 லாரி நிரம்பி, 44-வது லாரியிலும் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டும். (பௌதிக வாத்தியார்கள் இப்படிக் கூட்டக்கூடாது என்பார்கள். மன்னிக்கவும், இது ஆடிட்டர் கூட்டல்.) இத்தனை லாரியும் இறங்குகிற இடம், நாள் முழுக்க நாற்காலிக்கு அடியில் மடங்கிக் கிடக்கிற கால்.

கெண்டைக்கால் சங்கதி இன்னும் மோசம். அதில் உள்பக்கம் இருக்கிற தட்டையான தசை, ஓடும்போது உடல் எடையைப் போல் ஆறேழு மடங்கு வரை தாங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு நாம் தருகிற கவனிப்பு, ராத்திரி கொஞ்சம் தைலம்.

எடை தூக்கச் சொல்லித் தரும் புத்தகம் நமக்குப் புதிதில்லை. யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1897-லேயே ‘பலமும் அதை அடையும் வழியும்’ என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார். 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டிவிட்டுப் போனார். நம் ஊரில் அவர் பெயர் பட்டமாகவே ஆகிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் இருப்பது இந்த சாண்டோதான். ஆனால் அந்தக் காலப் புத்தகங்களெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவனுக்காக எழுதியவை. மார்பு விரிய வேண்டும், புஜம் புடைக்க வேண்டும். ஓடுகிறவன் பார்க்க வேண்டியது கண்ணாடியை அல்ல, கடிகாரத்தை.

கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை இருந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்சி செருட்டி என்று ஒரு கோச். கொஞ்சம் கிறுக்கு, நிறைய மூளை. போர்ட்ஸீ என்ற கடற்கரையூரில் பையன்களை மணல் மேட்டில் ஏறி ஓடவிடுவார், பார்பெல் தூக்கவும் வைப்பார். அவருடைய சிஷ்யர் ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிஷம் 35.6 செகண்டில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். (எலியட்ஸ் பீச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பக்கத்து நாடு நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த மனுஷன். “இரும்பெல்லாம் எதற்கு? வாரத்துக்கு நூறு மைல் ஓடு, அப்புறம் குன்றில் துள்ளித் துள்ளி ஏறு” என்கிற கட்சி. அதே ரோமில் அவருடைய சிஷ்யர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும், ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். யாரை நம்புவது? இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போகவில்லை, மெடலே கிடைத்துவிட்டது.

1952-ல் ஹெல்சிங்கியில் ஒரே ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஜாடோபெக், மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயிற்சி எடுத்ததாகச் சொல்வார்கள். அந்த அம்மாள் டானாவும் அதே ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியவர். எந்தக் கையேட்டிலும் இந்தப் பயிற்சியை நான் பார்க்கவில்லை. வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யவும்.

சண்டையை ஒருவழியாக ஆராய்ச்சிக்காரர்கள் கையில் எடுத்தார்கள். 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்ஸன் என்பவர் ஆட்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார். ஒன்றுக்கு எடை மட்டும், இன்னொன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவதுக்கு எல்லாம். பத்து வாரம். எல்லாம் செய்த கோஷ்டிக்கு ஏழெட்டு வாரத்துக்கு அப்புறம் பலம் ஏறுவது நின்று, இறங்கவும் ஆரம்பித்துவிட்டது. ஆனால் மூச்சு சம்பந்தப்பட்ட திறனில் குறைவே இல்லை. எடை தொடாதவர்கள் அளவுக்கு ஏறியிருந்தது. அதாவது, நஷ்டம் பயில்வானுக்கு, ஓடுகிறவனுக்கு இல்லை. ‘உடம்பு இறுகிடும்’ கட்சிக்கு அன்றைக்கே பாதி பதில் வந்துவிட்டது.

மீதிப் பாதி பதில் மைலேஜ். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது இரண்டு விஷயம் கேட்போம்: எத்தனை சி.சி., எத்தனை மைலேஜ்? ஓட்டக்காரனுக்கும் அப்படித்தான். அவன் எவ்வளவு பிராணவாயுவை அதிகபட்சம் இழுக்க முடியும் என்பது சி.சி. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்பது மைலேஜ். 1999-ல் ஃபின்லாந்துக்காரர்கள், நன்றாக ஓடுகிற சிலருக்குப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துள்ளல், குதியல், குறுகிய வேக ஓட்டம், எடை என்று வைத்தார்கள். ஒன்பது வாரத்தில் சி.சி. ஏறவே இல்லை. ஆனால் மைலேஜ் ஏறி, 5 கிலோமீட்டர் ஓடும் நேரம் குறைந்தது. 2008-ல் நார்வேயில் 17 பேரை வைத்து இன்னும் கறாராகச் செய்தார்கள். பாதிப் பேருக்கு ஒரே ஒரு பயிற்சி: தோளில் பார்பெல் வைத்துப் பாதி உட்கார்ந்து எழுவது. நாலே தடவை தூக்க முடிகிற கனம், நாலு சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம். மைலேஜ் 5 சதவிகிதம் ஏறியது. உடல் எடை ஏறவில்லை.

இங்கேதான் புத்தகம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். பழைய கையேடுகள் பலவும், ‘நீ ஓடுகிறவன், உனக்குத் தாக்குப்பிடிக்கும் சக்திதான் தேவை. அதனால் லேசான எடையை எடுத்து இருபது முப்பது தடவை தூக்கு’ என்று சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சக்தியைத்தான் ஐயாயிரம் அடி எடுத்துத் தினமும் சம்பாதிக்கிறோமே! ஏற்கெனவே இருக்கிற அக்கவுன்ட்டிலேயே மறுபடி போடுவானேன்? காலியாக இருப்பது பலம் என்கிற அக்கவுன்ட். அதற்குக் கனமாக, குறைவான தடவை தூக்க வேண்டும். முதல் நாளே இல்லை. முதல் சில வாரம் உடம்பு எடையில் பழகிவிட்டு, அப்புறம் படிப்படியாக. இந்த ஏணியை வாரம் வாரியாகச் சொல்லித் தருகிற புத்தகம் காசு கொடுக்கத் தகுந்தது. வெறும் அறுபது பயிற்சியைப் படம் போட்டு விட்டுவிடுகிற புத்தகம் கேலண்டர் மாதிரி, மாட்டி வைக்கலாம்.

அடிபடாமல் இருக்க உதவுமா என்றால், 2014-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் 26,000 பேருக்கு மேல் பங்கெடுத்த பல ஆராய்ச்சிகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தார்கள். பலப் பயிற்சி, காயத்தை மூன்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தது. நாம் விடாமல் செய்கிற ‘ஸ்ட்ரெட்ச்சிங்’ ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் அதில் பல விளையாட்டுக்காரர்களும் கலந்திருந்தார்கள். ஓட்டக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நேராகவில்லை. இதைச் சொல்லாமல் ‘இனி காயமே வராது’ என்று அட்டையில் போடுகிற புத்தகத்தை அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அட்டைப் படத்தைப் பார்த்து ஒரு கையேடு வாங்கினார். நல்ல புத்தகம்தான், ஆனால் பாடி பில்டர்களுக்கானது. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, வியாழன் புஜம், சனி கால். மனுஷன் வரி தவறாமல் பின்பற்றினார். சனிக்கிழமை கால். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இருபது கிலோமீட்டர் ஓட்டம். பதினோராவது கிலோமீட்டரில் சாந்தோம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க முடியாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி வாசலில் நின்று, “ஓடப் போறேன்னு போயிட்டு ஆட்டோல வர்ற ஒரே ஆள் நீங்கதான்” என்றாராம். அதற்கப்புறம் மூன்று வாரம் முழங்கால் வீங்கி, ஓட்டமே நின்றுபோய், இரண்டு கிலோ ஏறிவிட்டார்.

புத்தகத்தில் இருந்த பயிற்சிகளில் தப்பே இல்லை. தப்பு கிழமையில். புதிதாகக் கனம் தூக்கினால் வலி உடனே வராது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். ஓட்டக்காரர்களுக்காக எழுதுகிறவனுக்கு இது தெரியும். அவன் வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்துவான். வேக ஓட்டம் ஓடிய அதே நாள் சாயங்காலம் எடையை வைப்பான். ஓய்வு நாளை ஓய்வாக விடுவான். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் காலைத் தொட விடமாட்டான். பந்தயத்துக்கு முந்தின வாரம் இரும்புக்கு லீவு. ஒரு கையேட்டை எடுத்ததும் படங்களைத் தள்ளிவிட்டு இந்த அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கலாம்.

ஜே டிச்சாரி என்ற பிஸியோதெரபிஸ்ட் எழுதி 2017-ல் வந்த ‘ரன்னிங் ரிவயர்ட்’ எனக்குப் பிடித்தது, வேறு காரணத்துக்காக. ‘இதைச் செய்’ என்பதற்கு முன்னால், ‘உன் உடம்பு எங்கே இடிக்கிறது, முதலில் சோதித்துப் பார்’ என்கிறார். ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை தராத டாக்டர் மாதிரி. ஜோ புலியோ, பேட்ரிக் மில்ராய் எழுதிய ‘ரன்னிங் அனாடமி’யில் எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று வர்ணப் படங்கள். வலிக்கிற இடத்துக்குப் பெயர் தெரிவதில் ஒரு தனி திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

இவ்வளவுக்கும் ஜிம் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஆரம்பத்துக்கு வேண்டாம். நம்மிடம் தோப்புக்கரணம் இருக்கிறது, பஸ்கி இருக்கிறது. மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். 25 தடவை என்பது பிஸியோதெரபிஸ்டுகள் ரொம்ப நாளாக வைத்திருக்கும் அளவுகோல். பத்திலேயே நடுங்கினால் புதுப் புத்தகம் வேண்டாம், அந்தப் படியே போதும். அடுத்தது, எல்லார் வீட்டிலும் இருக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேன். தண்ணீர் மட்டுமே சுமார் 20 கிலோ. முதுகை வளைக்காமல், இடுப்பில் மடங்கி, கேனை உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகினால் அதுதான் டெட் லிஃப்ட். முதுகை வளைத்துத் தூக்கினால் அதற்குப் பெயர் இடுப்புப் பிடிப்பு. இந்த வித்தியாசத்தைப் புத்தகம் எழுதிக் காட்டும், ஆனால் உங்களைப் பார்க்காது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு தடவை பார்த்துச் சொல்வது எட்டு அத்தியாயத்துக்குச் சமம். கேன் பழகிவிட்டால் அரிசி மூட்டை. 2022-ல் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்டதும் 26 கிலோ மூட்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் நமக்கு ஒரு கிலோ கூடுதல் பயிற்சி. அதற்கு மேல் கனம் வேண்டுமென்றால்தான் ஜிம் சந்தா.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு இது நேரக் கணக்கு மட்டுமில்லை. இன்கம்டாக்ஸில் மெஷினுக்கு 15 சதவிகிதம் தேய்மானம் தருவது போல உடம்பும் எழுதிக்கொண்டுதான் வருகிறது. முப்பது வயசுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் தசை குறையும் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிற அளவு. ஓட்டம் இதயத்தைப் பார்த்துக்கொள்ளும். தோளும் முதுகும் கரைவதை அது தடுக்காது. ஐம்பது வயசில் சூட்கேஸைப் பரணில் ஏற்றப் போவது இதயம் இல்லையே!

இன்னொன்று, நேரம். மேலே சொன்ன ஆராய்ச்சியெல்லாம் எட்டு வாரம், ஒன்பது வாரம். ஜனவரியில் மாரத்தான் ஓடப் பேர் கொடுத்துவிட்டு, டிசம்பர் இருபதாம் தேதி புத்தகம் வாங்குகிறவர்கள் அதை அலமாரியில் வைத்துவிட்டு பிப்ரவரியில் பிரிக்கலாம்.

திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் போன மாதம் பழைய பயில்வான் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மார்பு, புஜம் அத்தியாயங்கள் கசங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு, இரண்டு பக்கம் பிய்ந்து வந்தன. விலையைக் குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் பிரித்துக் காட்டினார்.

“இங்க பாருங்க ஸார், கால் பக்கமெல்லாம் புத்தம் புதுசு. ஒருத்தனும் தொட்டதில்லை.”